வேல்ஸ் மலைப்பகுதியில் தேனீக் கூட்டம் பிரிதல்: ஜூன் மாதப் பஞ்சத்தைச் சமாளிப்பது எப்படி?

வேல்ஸ் மலைப்பகுதிகளில் மே, ஜூன் மாதங்களில் தேனீக் கூட்டங்கள் பிரிந்து செல்வது வழக்கம். கிளையில் தொங்கும் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் விட்டதும் வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் பிடித்த கூட்டம் சில வாரங்களிலேயே பட்டினியால் மடிவதுண்டு. காரணம், பூக்களின் பருவம்.

மார்ச், ஏப்ரலில் வில்லோ மரமும் கோர்ஸ் புதரும் மகரந்தம் தரும். அடுத்து டேன்டிலியன், பில்பெரி, பிறகு சிக்கமோர், ஹாதார்ன் பூக்கும். உயரம் கூடக்கூட இவை தாமதமாகும். இந்த வரத்தில் புழு வளர்ப்பு பெருகி, பெட்டியில் நெருக்கடி ஏற்படுகிறது, கூட்டம் பிரிகிறது. ஹாதார்ன் உதிர்ந்தபின் பிளாக்பெரி முள்செடியும் வெள்ளை குளோவரும் பூக்கும்வரை பெரிதாக எதுவும் இல்லை. இதைத்தான் அங்குள்ளவர்கள் 'ஜூன் இடைவெளி' என்கிறார்கள். புதிதாகக் குடியேறிய கூட்டம் சேமிப்பே இல்லாமல் இதில் மாட்டிக்கொள்கிறது.

ராணி அறையில் முட்டையிட்ட எட்டாம் அல்லது ஒன்பதாம் நாள் அந்த அறை மூடப்படும். பெரும்பாலும் அதையொட்டியே முதல் கூட்டம் பழைய ராணியுடன் கிளம்பும். எனவே 7 நாட்களுக்கு ஒருமுறை புழு அறைச் சட்டங்களைப் பாருங்கள். மழை தொடர்ந்தால் கூட்டம் உள்ளேயே காத்திருக்கும். வெயில் வரும் முதல் நாளே பறந்துவிடும். மழை விட்ட அன்று ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் தள்ளிவைப்பது நல்லது.

பிடித்த கூட்டத்தை மாலையில் பெட்டியில் விடுங்கள். தேனீக்கள் சுமார் 3 நாட்களுக்கான தேனை வயிற்றில் சுமந்து வரும். உடனே பாகு வைக்காமல் 2 நாட்கள் பொறுங்கள். அவை கொண்டுவந்த தேனை அடை கட்டவே செலவிடும். நோய்க்கிருமி கலந்த தேனாக இருந்தால், அது அடையில் சேமிக்கப்படாமல் தீர்ந்துபோகவும் இது உதவும். மழையும் குளிரும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிறகு 1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் கலந்த பாகைக் குளோவர் பூக்கும்வரை கொடுங்கள். மூடிய புழு இல்லாத முதல் வாரமே, அனுமதி பெற்ற ஆக்சாலிக் அமில மருந்தால் வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்த ஏற்ற நேரம்.

ஜூன் பாகு, ஆகஸ்ட் தேன்

பெர்வின் போன்ற மலைகளில் ஆகஸ்டில் ஹீதர் பூக்கும். முட்டை பணித் தேனீயாக வெளிவர 21 நாட்கள். அது வயலுக்குப் போக மேலும் சுமார் 3 வாரங்கள். ஆகஸ்ட் நடுவில் ஹீதருக்குச் செல்லும் தேனீ, ஜூலைத் தொடக்கத்துக்குள் இடப்பட்ட முட்டை. ஜூனில் பட்டினி கிடந்தால் ராணி முட்டையிடுவது குறைந்துவிடும். ஹீதர் மலர்ந்தும் பறக்க ஆள் இருக்காது. பாகுச் செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் கூட்டத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும். அடுத்தடுத்துக் கிளம்பும் சிறு கூட்டங்களில் இருப்பது இணை சேராத ராணி. மலையின் மழையிலும் காற்றிலும் அது இணை சேரப் பறக்க வாரக்கணக்கில் ஆகலாம். நான்கு வாரத்துக்கு மேல் தடைபட்டால் ஆண் தேனீ முட்டைகளை மட்டுமே இடும் ராணியாகிவிடும். ஜூலையில் கிடைக்கும் சிறு கூட்டத்தைத் தனியாக வளர்ப்பதைவிட, நோய் இல்லை என உறுதி செய்து, ராணியை நீக்கி வேறு கூட்டத்துடன் சேர்ப்பதே லாபம்.

ஹீதர் தேன் கூழ்போல் இறுகியிருக்கும். சாதாரண தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுழற்றினால் வராது. அடையைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். குளிர்காலத்துக்கு ஒரு கூட்டத்துக்கு 18 முதல் 20 கிலோ இருப்பு தேவை. செப்டம்பர், அக்டோபரில் ஐவி கொடி பூத்தாலும் திறந்த மேட்டுநிலத்தில் அது குறைவு. பெட்டிகளைப் பள்ளத்தாக்குக்கு இறக்கியபின் கையால் தூக்கி எடை பாருங்கள். குறைந்தால் 2 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர் கலந்த கெட்டிப் பாகை செப்டம்பர் இறுதிக்குள் கொடுத்து முடியுங்கள்.