குற்றாலத்து வண்டிப்பாதைகளும் வாகனத் தடைகளும்

வண்டிப்பாதை என்பது வருவாய்த்துறை ஆவணங்களில் வழங்கும் சொல். கிராம வரைபடத்தில் நடைபாதை ஒற்றைப் புள்ளிக்கோடாகவும் வண்டிப்பாதை இணையான இரு புள்ளிக்கோடுகளாகவும் காட்டப்படும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் இவற்றில் பெரும்பாலானவை வாய்க்காலை ஒட்டியும் குளக்கரை மேலும் வயல்களுக்குச் செல்பவை. சில பாதைகள் மலையடிவாரம் வரை போய்க் காட்டெல்லையில் முடிந்துவிடும். அண்மைக் காலத்தில் அருவிச் சாலைகள் மூடப்படும் நாட்களில் சுற்றுலா வாகனங்கள் இப்பாதைகளில் இறங்குவதால், இவற்றின் பழைய பயன்பாட்டு முறையை அறிந்துகொள்வது தேவையாகிறது.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சிற்றாற்றுப் பாசனத்தில் கார் நெல் பயிராகும் மாதங்களும் அவையே. (கார் என்றால் இன்றைய மாணவர்க்கு நான்கு சக்கர வண்டிதான் நினைவுக்கு வரும், எங்கள் பக்கத்தில் அது நெற்பருவத்தின் பெயர். அதன்பின் வருவது பிசானம்.) ஆக, வெளியூர் வண்டிகள் மிகுதியாக வரும் காலமும் வண்டிப்பாதைகள் நீர் குடித்து மிக இளகியிருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இவ்வட்டாரத்துச் சிக்கலின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

மாட்டுவண்டி மண்ணைக் கெடுக்காது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை ஈரமண்ணைக் கத்திபோல் அறுக்கும். இதை அறிந்ததனால்தான் நடவு தொடங்கியபின் வயற்பாதையில் பாரவண்டி இறக்காமல், நாற்றுக்கட்டைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் வழக்கம் இருந்தது. உரவண்டி நடவுக்கு முன்னும் கதிர்வண்டி அறுவடைக்குப் பின்னும் ஓடின. குளக்கரையில் வண்டி போவதா வேண்டாமா என்பதை நீர்ப்பாய்ச்சியும் ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். கரை உடைந்தால் மண் சுமக்க வேண்டியவர்கள் ஊரார்தானே. எழுதப்படாத தடை என்றாலும் அது மதிக்கப்பட்டது.

எழுதப்பட்ட தடைகள் காட்டிலிருந்து தொடங்கின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் நுழையும் உரிமையை வரையறுத்தது. 1988இல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமும் அமைந்தன. பேரருவிக்கு மேலுள்ள செண்பகாதேவி அருவிக்கு என்றும் நடைவழிதான். இப்போது பொதுமக்கள் அங்கே செல்லத் தடை உள்ளது. சித்திரைப் பௌர்ணமியன்று அம்மன் கோவிலுக்குச் செல்லும் பக்தர்களை மட்டும் வனத்துறை அனுமதிக்கிறது.

மலையைக் கடக்கும் பழைய வழிகளில் முதன்மையானது ஆரியங்காவுக் கணவாய். 1904இல் செங்கோட்டை–புனலூர் ரயில்பாதை திறக்கும்வரை சரக்குகளை மாட்டுவண்டிகளே இவ்வழியே இழுத்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால், வண்டிக்காரர்க்கு எல்லைச் சோதனை தென்காசியைத் தாண்டியதுமே வந்துவிடும். மற்றொரு வழி பண்பொழி, மேக்கரை ஊடாக அச்சன்கோவில் செல்வது. மார்கழித் திருவிழாவுக்கு ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து தென்காசி வந்து, காசி விசுவநாதர் கோவில் முன் வரவேற்கப்பட்டு, இவ்வழியாகவே போகிறது. இருபுறமும் காடு, சாலையை விட்டுச் சக்கரம் இறங்கினால் அது காட்டினுள் நுழைந்ததாகும்.

பொழுதுபோக்குக்காகக் கரடுமுரடான பாதையில் ஓட்டுவது இங்கே புதிது. ஜீப் என்பது எஸ்டேட்டுக்கும் வனத்துறைக்கும் உரிய வண்டியாக இருந்தது. 2010இல் மகிந்திரா தார் வந்தபின், 2020இல் அதன் புதிய வடிவமும் வந்தபின், நான்கு சக்கர உந்துவிசை வண்டி இளைஞர் கைக்கு எட்டியது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள இவ்வண்டி சேற்றில் சக்கரம் சுழலச் சுழல மண்ணை வாரி வாய்க்காலில் தள்ளும்.

முன்பு மாட்டுவண்டி ஓடிய பாதையில் இன்று மோட்டார் வண்டிக்கும் உரிமை உண்டா என்பது நம் ஊர்க் கேள்வி மட்டுமன்று. இங்கிலாந்தில் 2001இல் கோமாரி நோய் பரவியபோது நாட்டுப்புறப் பாதைகள் பெருமளவில் மூடப்பட்டன. பழைய மாட்டு, குதிரை வண்டிப் பயன்பாட்டைக் காட்டி மோட்டார் உரிமை கோரும் வழக்கமும் அங்கிருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, பதிவேட்டில் ஏறாத அத்தகைய உரிமைகளை இங்கிலாந்திலும் வேல்சிலும் முடித்துவைத்தது.

நம் நாட்டில் பொதுப் பாதுகாப்புக்காக வாகனப் போக்குவரத்தைத் தடுக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடமளிக்கிறது. குற்றாலத்தில் மக்கள் நெடுங்காலத் தடையைக் கண்டது கொரோனா நாட்களில். 2021இல் ஏப்ரலில் மூடிய அருவிகள் டிசம்பரில்தான் திறந்தன. அந்நாட்களில் ஓடைகளைத் தேடி வயற்பாதைகளில் வந்த வண்டிகளை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. ஒருமுறை வாய்க்கால் கரையில் வண்டியைத் திருப்ப முயன்றவர்கள் மடையை உடைத்துவிட்டுப் போனார்கள். கடைமடை வயலுக்கு மூன்று நாள் தண்ணீர் ஏறவில்லை. வண்டியில் வந்தவர்களில் ஒருவர் என் பழைய மாணவர். இறங்கி வணக்கம் வைத்தார், மடையைப் பார்க்கவில்லை.

பயிருக்கு நேரும் கேட்டைவிடப் பெரியது உயிருக்கு நேர்வது. 2024 மே 17 அன்று மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அருவிக்கரையில் காவலரும் தடுப்பும் உண்டு. அதே நீர் அழுதகண்ணியாற்றில் இறங்கிக் கீழே வரும்போது, உட்பாதைத் தாம்போதிகளில் தடுப்பு கிடையாது. மலையில் மழை பெய்வது கீழே ஓட்டுபவர்க்குத் தெரியாது. தெளிந்த நீர் கலங்கிச் சருகோடு வருவதே அறிகுறி. குளத்தின் மறுகால் பாயும் இடத்திலும் இப்படித்தான். நீர் ஓடும் தாம்போதியை வண்டியில் கடக்கலாகாது. வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துத் திரும்ப வேண்டும். வயலுக்குள் விட்டுத் திருப்பினால் வரப்பு போய்விடும். வயலில் நிற்பவரிடம் கேட்டால் எந்தப் பாதை தாங்கும் என்பதைச் சொல்லிவிடுவார், கேட்பவர்தான் குறைவு.

தடை வந்தால் வழி மாறலாம் என்பதற்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவில் சான்று. ஆடி அமாவாசைக்கு முன்பெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கூண்டுவண்டி கட்டிப் போய் ஆற்றங்கரையில் பல நாள் தங்குவார்கள். கோவில் புலிகள் காப்பகத்துள் இருப்பதால், அண்மை ஆண்டுகளில் திருவிழாவின்போது தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மலையேற வேண்டும். குடில் அமைக்கும் மூங்கிலும் பானையும் அரிசி மூட்டையும் இப்போது பேருந்தில் ஏறுகின்றன.