மர வண்டியின் முகம்

பழைய பிரிட்டிஷ் படங்களில் மர உடல் கொண்ட எஸ்டேட் கார் வந்தால் கண் மரத்தில்தான் நிற்கும். ஆனால் அது எந்த கார் என்று அறிய முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஒரே அடிச்சட்டத்தின் மேல் வெவ்வேறு பட்டறைகள் தத்தம் போக்கில் மர உடல் கட்டின. கிரில்லும் பானெட்டும் மட்டும் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்தவை. மரமே அடையாளம் ஆகாதா என்று கேட்கலாம். 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலரில் ஆகும்தான்: தேன் நிற ஆஷ் மரச்சட்டம் பின்பகுதியையே தாங்கும் எலும்பு. அழகான வேலை அது! ஆனால் மினி டிராவலரில் அதே மரம் எஃகின் மேல் ஒட்டிய அலங்காரம். மைனரிலும் மரம் காலத்தைச் சொல்வதில்லை. நடுவில் பிளந்த முன்கண்ணாடி இருந்தால், 1956இல் மைனர் 1000 வருவதற்கு முந்தைய வண்டி.