பத்து டாலருக்கு 160 ஏக்கர்

கனடாவுல உக்ரைனியர்கள் வெறும் உழைப்பாலயே முன்னேறினாங்கன்னு சொல்வாங்க. நான் பாதிதான் ஒத்துக்குவேன். 1891-க்குப் பிறகு கலீசியாவிலிருந்து வந்த விவசாயிக்கு 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் கிடைத்தது. பிரிட்டிஷ்காரருக்கும் அதே விதிதான். (பூர்வகுடிகளோட நிலம் அது, தனி எபிசோடே போடணும்.)

ஆனா 1914-ல் போர் வந்ததும், ஆஸ்திரியப் பேரரசின் குடிமக்கள்னு சொல்லி ஆயிரக்கணக்கான உக்ரைனியர்களை முகாம்ல அடைச்சாங்க. பான்ஃப் பூங்காவுல ரோடு போட்டவங்க அவங்கதான். நாள் கூலி 25 சென்ட்! கையிலிருந்த பணத்தையும் பிடுங்கிக்கிட்டாங்க. பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு இந்த இழப்பு கிடையாது.

1965-ல் சமூகவியலாளர் ஜான் போர்ட்டர் ஆராய்ந்தபோதும் பொருளாதார உச்சியில் பிரிட்டிஷ் வம்சாவளியினர்தான் இருந்தார்கள். 1990-ல் உக்ரைனிய வம்சாவளி ரே நாட்டிஷின் கவர்னர் ஜெனரலே ஆனார். பிடுங்கிய பணத்துல ஒரு பகுதி மட்டும் திரும்பி வரவே இல்ல.