கூத்துத் தொழிலும் குடிவாழ்க்கையும்

சென்ற திங்கட் கூட்டம் முடிந்து யாம் வெளியே வரும்பொழுது, காலடிப்பேட்டைவாசியாகிய நம் சங்கத்து அன்பர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தனர். அவர்தம் மூத்த பிள்ளை, எண்ணூர்ப் பக்கத்து ஆலையொன்றில் அமர்ந்திருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகவே ஒரு திரைப்படம் எடுப்பேன் எனக் கங்கணம் கட்டி நிற்கின்றான். அதற்கு முதலாக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவேண்டும் என்பது அவன் கோரிக்கை. "ஐயா, தாங்கள் படித்தவர்கள், இத்தொழிலிற் புகுந்தோர் முன்பு என்னவாயினர் என்று எழுதிக் கொடுத்தால், வீட்டிற் படித்துக் காட்டுவேன்" என்றனர். அவர் பொருட்டும், அவரை ஒத்த பெற்றோர் நம்முட் பலர் இருத்தல் கூடுமாதலின் அவர்கள் பொருட்டும், யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

முதற்கண் நம் ஊரையே நோக்குவோம். 1717 முதல் 1720 வரை சென்னையிற் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை இது; காலெட்பேட்டை என்னும் பெயரே மக்கள் நாவிற் காலடிப்பேட்டை ஆயிற்று. கும்பினியார்க்கு நெய்த நெசவாளர்க்கு முன்பணம் என்பது யாதென நாம் எடுத்துரைத்தல் வேண்டா. துணி நெய்யுமுன்னே பணம் வரும். வந்த பணம் வயிற்றுக்குப் போகும். துணி முடிந்த நாளில் விலையைப் பிறன் சொல்லுவான். படத்தொழிலின் கணக்கும் பெரும்பாலும் இவ்வாறே நடப்பதென்பதைக் காணுங்கால் எமக்கு வியப்பே உண்டாயிற்று.

நிற்க. தென்னாட்டில் முதன்முதற் கதைப்படம் எடுத்தவர் வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியார் ஆவர். அவர் நடிகரும் அல்லர், புலவரும் அல்லர். முதலில் மிதிவண்டியும், பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளும் அவற்றின் உதிரி உறுப்புக்களும் விற்ற வணிகர். படம் பிடிக்கும் வித்தையை ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் பயின்றனர். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவை அமர்த்தி, இந்தியா பிலிம் கம்பெனி என்னும் பெயரோடு 'கீசக வதம்' என்னும் ஊமைப்படத்தை எடுத்தனர். அதற்கு ஆன காலம் 35 நாள், செலவு ரூ. 35,000, வரவு ரூ. 50,000 என்பர். பேசாப் படமாதலின் கதையை எழுத்திற் காட்டல் வேண்டும். அவ்வெழுத்துக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைந்தன. இந்திப் பகுதியை எழுதி உதவியவர் காந்தியடிகளின் மைந்தர் தேவதாஸ் காந்தி என்ப. இதன்பின் திரௌபதி வஸ்திராபகரணம், லவகுசா முதலாய படங்களையும் அவர் எடுத்தனர்.

இவ்வளவும் கேட்பார்க்கு இனிதே. ஆயின், 1923-ஆம் ஆண்டளவில் அவர்தம் நிலையத்தில் தீப்பற்றிற்று. அவர் மைந்தர் ஒருவர் உயிரும் இழந்தனர். அதன்பின் முதலியார் நெடுங்காலம் வாழ்ந்திருந்தும் படத்தொழிற்கு மீளவே இல்லை. கீசக வதத்தின் சுருள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. இதனை எழுதுங்கால் எமது கை சற்றே தயங்கிற்று. பிள்ளைகளை அச்சுறுத்தற்காக யாம் இதனைக் கூறினேமல்லேம். அவர் கைம்முதலோடும் தொழிற்பயிற்சியோடும் புகுந்தவர் என்பதை மட்டும் கருதுக. முதற்படம் ஆதாயம் தந்ததற்கு அவ்விரண்டுமே காரணமெனல் எம் கருத்து.

இனி நடிகர் வழி. அக்காலத்தில் அதற்கு வாயில் பாலர் நாடகக் கம்பெனி ஒன்றே. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918-இல் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர் சேர்ந்தபொழுது, அவருள் சண்முகம் ஆறு வயதினர். பாட்டும் வசனமும் உருப்போடல், வேடமிடல், ஊர் ஊராகப் பெட்டி கட்டல், இராத்திரி முழுதும் ஆடல் இவையே அச்சிறார்க்குப் பள்ளிக்கூடம். பதினான்கு பதினைந்து ஆண்டில் குரல் உடையும். அதனை மகரக்கட்டு என்பர். நேற்றுவரை இராஜபார்ட்டாய்க் கைதட்டுப் பெற்றவன், மறுநாள் சேவகன் வேடத்திற்கு இறங்குவான்; பலர் அத்துடன் ஊர் திரும்பினர். எஞ்சிநின்றோரையே நாம் பெயர் சொல்லி அறிகின்றோம். எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவரே. 1952-இல் 'பராசக்தி' வெளிவந்தபொழுது கணேசனைப் புதியவர் என்றனர் பட உலகினர். அவர்க்குப் பின்னிருந்த மேடை ஆண்டுகளை எவரும் எண்ணிற்றிலர்.

எழுத்தாளர் வழிக்குப் பம்மல் சம்பந்த முதலியாரைக் காட்டலாம். 1891-இற் சுகுண விலாச சபையை நிறுவிய இவர் வக்கீல் தொழில் புரிந்து, 1924 முதல் 1928 வரை ஸ்மால்காஸ் கோர்ட்டில் நீதிபதியாய் அமர்ந்தனர். பகலில் வழக்கு, மாலையில் ஒத்திகை. இவ்வாறே தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினர். இவர் நாடகங்களுட் 'சபாபதி' 1941-இலும் 'மனோகரா' 1954-இலும் திரைப்படமாயின. கலையால் உண்ணவேண்டிய நிலை இவர்க்கு இல்லாமையால், தாம் விரும்பியதையே எழுத இயன்றது. எல்லார்க்கும் நீதிபதிப் பதவி வாய்க்குமோ எனக் கேட்பீர்கள், வாயாது. ஆலை வேலையும் ஒரு வேலையே அன்றோ?

நடிப்பு, எழுத்து, படமெடுத்தல் மூன்றையும் ஒருவரே மேற்கொண்டதற்குச் சான்று திருவையாற்றிற் பிறந்த டி. பி. இராஜலட்சுமி அம்மையார். சிறு வயதில் மணமாகி, அம்மணவாழ்வும் நிலையாது, தந்தையையும் இழந்து, தாயுடன் வறுமையில் நின்ற அச்சிறுமியைச் சாமண்ணா ஐயர் நாடகக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதற் பேசும்படத்தின் நாயகி இவரே. இவர் தமிழ் பேசினர், உடன் நடித்தோருட் சிலர் தெலுங்கு பேசினர். நாவலும் எழுதினர். 1936-இல் 'மிஸ் கமலா' என்னும் படத்திற்குக் கதை எழுதி, இயக்கி, நடித்து, தாமே முதலும் போட்டனர். தென்னாட்டில் முதற் பெண் இயக்குநர் என்னும் சிறப்பு அதனால் அவர்க்கு உரியதாயிற்று. பெண்மக்கள் மேடையேறலே பழியெனக் கருதப்பட்ட நாளில் இஃது எளிய செயலன்று. 1961-இற் கலைமாமணி விருது பெற்று, 1964-இல் மறைந்தனர். நம் மாதர் சங்கத்தார் இவர் வரலாற்றைத் தனியே படித்தல் நலம்.

இக்காலத்துச் செய்தி ஒன்றும் சொல்லவேண்டும். 2021-இல் ராட்டர்டாம் திரைவிழாவில் முதற்பரிசாகிய புலி விருதைப் பெற்ற 'கூழாங்கல்' படத்தை இயக்கிய பி. எஸ். வினோத்ராஜ், இளமையில் திருப்பூரிற் கூலிவேலை செய்தவர். சென்னையிற் படத்தட்டு விற்கும் கடையில் அமர்ந்து உலகப் படங்களைக் கண்டவர். பின்னர் மணல்மகுடி நாடகக் குழுவிற் பழகியவர். கருவி மலிந்துவிட்டது உண்மையே. கைப்பேசியிலும் படம் பிடிக்கலாம். பழகுங் காலம் மட்டும் மலிந்திலது.

இக்கட்டுரையின் படியை அன்பர்க்கு முன்னமே கொடுத்தனம். அவர் வீட்டில் உரக்கப் படித்தனராம். மகரக்கட்டுப் பகுதியைப் பிள்ளை இருமுறை படிக்கச் சொன்னானாம். மறுநாட் காலையில் அவனே எம் இல்லத்திற்கு வந்து, டி. கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' உளதோ என வினவினான். கொடுத்தனம். தந்தையார் பத்திரத்தைப் பற்றி ஒன்றும் கூறிற்றிலர். அஃது இன்னும் பெட்டியிலேயே இருப்பதாக அவன் தாயார் எம் மனைவியாரிடம் கூறினர்.