காபன் 14இன் அரைவாழ்வுக்காலமும் வரலாற்றாசிரியர் கணக்கும்

கல்வெட்டும் நாணயமும் தோன்றாத காலத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு ஆண்டுக்கணக்கே முதல் இடர்ப்பாடு. அதனை நீக்கத் துணைவந்த கருவிகளுள் தலையாயது கதிர்த்தொழிற்பாடு. தனியோர் அணு எப்பொழுது சிதையும் என எவராலும் கூறல் இயலாது. ஆயினும் அணுக்கூட்டத்திற் பாதி சிதைவதற்கு வேண்டும் காலம் மாறாதது. அதுவே அரைவாழ்வுக்காலம்.

கனடாவின் மொன்றியால் நகரிற் பணியாற்றிய ஏணெஸ்ற் றதபோட், தோரியத்திலிருந்து வெளிப்படும் வாயுவின் கதிர்வீச்சு ஏறத்தாழ ஒரு நிமிடத்திற் பாதியாகக் குறைவதை 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடிகாரமும் மின்மானியும் கொண்டு அதனை நேரே காணலாம். ஆனால், 1940இல் மாட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டறிந்த காபன் 14 பாதியாகும்வரை காத்திருத்தல் யார்க்கு இயலும்?

அதற்கு வழி வேறு. ஒரு மாதிரியில் எத்தனை அணுக்கள் உள என்பதைத் திணிவு நிறமாலைமானியாலும், ஆண்டொன்றுக்கு எத்தனை சிதையும் என்பதைக் கதிர் எண்ணியாலும் காண்பர். பின்னதை முன்னதால் வகுத்தால் வருவது சிதைவு மாறிலி, 0.693ஐ அம்மாறிலியால் வகுத்தால் வருவது அரைவாழ்வுக்காலம். கணக்கு எளிது, எண்ணுதலே அரிது. இச்சமதானியின் பீற்றாக்கதிர் மிக மெலிந்தது. எண்ணியின் ஓரத்திற் சில சிதைவுகள் தப்பினும் விடை பிழைபடும்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்து வில்லாட் லிபியும் ஜேம்ஸ் ஆணல்டும் 1949இல் எகிப்திய மன்னன் சோசரின் கல்லறை மரம் முதலியவற்றைச் சோதித்தபோது கொண்ட மதிப்பு 5720 ஆண்டு. பின்னர் லிபி, வேறு அளவீடுகளின் சராசரியாக 5568 ஆண்டு என்பதையும், அதன் வழுவெல்லை 30 என்பதையும் ஏற்றார். 1962இற் கேம்பிறிட்ஜிற் கூடிய அறிஞர், புதிய அளவீடுகளை ஆராய்ந்து 5730 ஆண்டே சிறந்ததெனக் கண்டனர். வேறுபாடு 162 ஆண்டு. கூறிய வழுவெல்லையின் ஐந்து மடங்கினும் மிகுதி. கைவிடப்பட்ட பழைய மதிப்பே உண்மைக்கு அணித்தாயிருந்தது.

எனினும் அவ்வறிஞர் 5568ஐ நீக்கினாரல்லர். அதுவரை வெளிவந்த ஆண்டுகளோடு புதியனவும் ஒப்பிடத்தக்கனவாய் இருத்தல் வேண்டுமென்று, அதனையே வழக்கு மதிப்பாக நிறுத்தினர். 5568ஆற் கணித்த 5000 ஆண்டு, 5730ஆற் கணித்தால் ஏறத்தாழ 5145 ஆகும். இன்று, வயதறிந்த மரவளையங்களையும் அதே மதிப்பாற் கணித்து அட்டவணை அமைப்பதால், இருபுறத்தும் ஒத்த பிழை நீங்கிவிடுகின்றது. வளிமண்டலத்திற் காபன் 14இன் அளவு காலந்தோறும் மாறியமையும் அவ்வட்டவணையாலேயே திருத்தப்படும்.

ஆதலின், அகழ்வாய்வு அறிக்கையில் ஓர் ஆண்டைக் காணும் மாணவன் மூன்றை வினவுதல் வேண்டும்: எந்த அரைவாழ்வுக்காலத்தாற் கணித்தது? வழுவெல்லை யாது? மரவளையத்தால் திருத்தியதா? இவற்றை அறியாது ஓர் அறிக்கையின் ஆண்டை மற்றொன்றின் ஆண்டோடு ஒப்பிடுவோன், இருவேறு முழக்கோலால் ஒரே நிலத்தை அளந்தவனாவான்.