சேந்தமங்கலத்து யூதப்பள்ளி

கொச்சியில் வாழும் தமிழன்பர்களுள் மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியைக் காணாதவர் அரியர். 1568-இல் எழுந்த அப்பள்ளியின் சீன ஓடுகளை வியந்து திரும்புவதோடு நம் யாத்திரை முடிந்துவிடுகிறது. வைட்டிலாவிலிருந்து வடக்கே பறவூர் சென்று, அதற்கப்பாலும் சிறிது தொலைவு போவோர் சிலரே. அங்கேதான் பேரியாற்றின் பக்கத்தே சேந்தமங்கலம் இருக்கிறது. கோயில், தேவாலயம், மசூதி, யூதப்பள்ளி ஆகிய நான்கும் கூப்பிடு தொலைவில் நிற்கும் ஊர் அது.

யூதருக்கும் நம் மொழிக்கும் உள்ள உறவு பழையது. பாஸ்கர இரவிவர்மன் கி.பி. 1000-ஐ ஒட்டி யோசேப்பு இரப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அஞ்சுவண்ணம், பகல்விளக்கு, பல்லக்கு, குடை என அதில் வரும் உரிமைகளை விளக்கத் தமிழருக்கு அகராதி வேண்டுவதில்லை. பிற்காலத்தில் கொச்சி அரசர் யூதர் தலைவருக்கு வழங்கிய பட்டமும் 'முதலியார்' என்பதேயாம்! எபிரேயப் பெயர் தாங்கிய முதலியார்களைக் கற்பனை செய்து பாருங்கள்.

பள்ளியின் முன்னே ஒரு கல்லறைக்கல் நிற்கிறது. 1269-இல் மறைந்த சாரா என்னும் பெண்மணியின் கல் அது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் காலத்தால் முற்பட்டது என்பர். சுண்ணம் பூசிய சுவர், ஓட்டுக்கூரை, முன்றில் ஆகியவற்றைப் புறத்தே நின்று காண்போர் கேரளத்து வீடொன்று என்றே எண்ணுவர். உள்ளே வண்ணம் தீட்டிய மரக்கூரை. மேற்கே, எருசலேம் நோக்கி, மறைச்சுருள் வைக்கும் செதுக்குப் பேழை. நடுவில் ஓதுமேடை. மாடத்தில் இன்னொரு மேடையும் உண்டு. பெண்டிர் அமரும் பகுதிக்கு முன்னதாக, மரத்தட்டிக்கு இப்பால் அமைந்தது. மறை ஓதும் ஒலி அவர்களுக்கு அண்மையில் கேட்கும். இவ்விரண்டாம் மேடை கேரளப் பள்ளிகளுக்கே உரிய தனிச்சிறப்பு. அத்தட்டிக்குப் பின்னிருந்த பெண்டிர் மலையாளத்தில் பாடல்கள் இயற்றிப் பாடி, கையேடுகளில் எழுதி வைத்தனர். அவை இன்றும் உள்ளன.

பத்து ஆடவர் கூடினாலன்றிப் பொதுத் தொழுகை நிறைவுறாது என்பது யூதர் நெறி. 1950-களில் இவ்வூரார் குடும்பம் குடும்பமாக இஸ்ரேல் புறப்பட்டனர். விரட்டப்பட்டவர் அல்லர், முன்னோர் மண் என்னும் ஏக்கமே இழுத்தது. பத்துப் பேர் இல்லாத பள்ளி பூட்டிக் கிடந்தது. மழையும் கரையானும் தம் வேலையைச் செய்தன. அரசு அதனைச் சீரமைத்தபின், 2006 பிப்ரவரியில் இவ்வூர் யூதரின் வாழ்வைச் சொல்லும் கண்காட்சி அங்கே திறக்கப்பட்டது.

பறவூர்ப் பள்ளியின் பேழை எருசலேம் அருங்காட்சியகம் சென்றுவிட்டது. அங்கே இப்போது இருப்பது அதன் படி. சேந்தமங்கலத்துப் பேழையோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே சுருள் இல்லை. எதிரே படங்களில், புறப்படும் நாளில் நல்லாடை உடுத்திய குடும்பங்கள் நம்மையே நோக்குவதுபோல் இருக்கின்றன.