பொம்மன் - யானைக்கு வந்த மனுஷப் பேர்

சின்னதா ஒரு கேள்வி மக்களே. யானைக்கு நாம பேர் வைக்கிறது வழக்கம். லட்சுமி, காமாட்சி, கணேசன்னு பெரும்பாலும் சாமி பேரா இருக்கும். ஆனா யானையைக் குளிப்பாட்டி, கவளம் உருட்டி ஊட்டுற ஒரு மனுஷனோட பேரை யானைக்கு வச்சுப் பார்த்திருக்கீங்களா?

நான் பார்த்தேன். 2023 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துல ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்துச்சே (இறுதி ஆட்டத்துல 1-3ன்னு பின்தங்கி, மலேசியாவை 4-3ன்னு ஜெயிச்சோமே, அதேதான்), அந்தப் போட்டியோட சின்னம் ஒரு யானை. பேரு 'பொம்மன்'. ஜூலை மாசம் முதல்வர் ஸ்டாலின் அறிமுகம் செஞ்சு வச்சார்.

சென்னை நண்பர் ஒருத்தர் போன்ல சொன்னார்: "பொம்மைதானே, அதான் பொம்மன்னு வச்சுட்டாங்க போல." குன்னூர்க்காரனான எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

விஷயம் அது இல்லீங்க. முதுமலை தெப்பக்காடு முகாம்ல ரகுங்கிற அநாதைக் குட்டியை வளர்த்தவர் பொம்மன், கூடவே அவர் மனைவி பெள்ளி. ஊட்டியில வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ் இவங்களை வச்சு எடுத்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பர்ல வந்து, 2023 மார்ச்ல சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கிச்சு. அந்த மரியாதைக்குத்தான் சின்னத்துக்கு அவர் பேரு.

பேரோட வேரும் சுவாரஸ்யம். பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். தேனெடுக்கிறதுல கைதேர்ந்த மக்கள். அவங்க பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம். கன்னடத்துல 'பொம்ம'ங்கிறது பிரம்மாங்கிற சொல்லோட திரிபு. 'பெள்ளி'ன்னா வெள்ளி. ஆக நண்பர் சொன்ன விளையாட்டுப் பொம்மைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல :-)

விளையாட்டுக்கு யானைச் சின்னம் புதுசில்ல. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல 'அப்பு' வந்தான். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல வேட்டி கட்டின குதிரை, 'தம்பி'. இவங்க ரெண்டு பேரும் செல்லப் பேர், உறவுப் பேர். பொம்மன் அப்படி இல்ல, ஒரு ஆளோட சொந்தப் பேர்.

இதுல எனக்கென்ன இவ்ளோ அக்கறைன்னு கேட்கலாம். எங்க ஊர்ல சுத்திப் பாருங்க: சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், வெலிங்டன். எல்லாம் வெள்ளைக்காரன் பேர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடிகள் வாழற மலை இது. அதுல ஒருத்தரோட பேரை ஊரே கூப்பிட்டுக் கேட்டது எத்தனை தடவை?

நானும் யோக்கியன் இல்ல. சின்ன வயசுல அப்பாவோட தெப்பக்காடு போய், யானைங்க கேழ்வரகு, கொள்ளு உருண்டை சாப்பிடறதை வாயைப் பிளந்து பார்த்திருக்கேன். ஒவ்வொரு யானை பேரையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன். பக்கத்துல நின்ன பாகன்கிட்டயும், உதவிக்கு இருந்த காவடிகிட்டயும், "உங்க பேரென்னங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்கல.

பத்து நாள் போட்டி முடிஞ்சதும் சின்னத்தை எல்லாரும் மறந்தாச்சு. பேராவது நிக்கட்டும்னுதான் இதை எழுதி வைக்கிறேன். நீங்க தெப்பக்காடு போனா, யானை பேரோட நிறுத்திடாதீங்க.